மாலை போடாத போட்டோ

அந்த டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும். கண்ணுல மருந்தை ஊத்திட்டு, முக்கால் மணி நேரம் மூடிக்கிட்டு உக்காருங்கன்னு சொல்லிட்டு அந்த நர்ஸ் பொண்ணு போயிடுச்சு. கண்ணை மூடலாம். காதை எதால மூடறது? கண்ணாஸ்பத்திரியில டிவி மாட்டணும்னு எவனுக்குத் தோணிச்சு? இங்க உக்காந்திருக்கறதுல பாதிப் பேருக்குக் கண்ணு தெரியாது, மீதிப் பேருக்கு மருந்து ஊத்தியிருக்கு. யார் பாக்கறதுக்காம் அது?

உனக்கு ஊத்தலையா? ஓ, மாமியாருக்குத் துணையா வந்தியா. உள்ள ஆபரேஷனா? ஒண்ணும் பயப்படாதே, இப்பல்லாம் பத்து நிமிஷ வேலைதான். எந்த ஊரு? செய்யாறா. அங்கேருந்து காலையில பஸ் ஏறி வந்தீங்களா, பாவம்.

மணி என்ன இப்ப? ஒண்ணேகாலா. ஒன்றரைக்கு 'மங்கல வாசல்' போடுவான். அதுக்குள்ள சத்தத்தைக் குறைச்சிட்டாத் தேவலை. நான் அந்தக் கண்றாவியைப் பாக்கறதில்லை. போன சனிக்கிழமை பிளக்கைப் பிடுங்கிப் போட்டவதான், இந்த வாரம் பூரா வீட்டுல டிவியே கிடையாது. நிம்மதியா இருக்கேன்.

நீ பாப்பியா? மாமியாரும் மருமகளும் சேர்ந்தேவா? அப்ப நீ என்னைத் தினம் பாத்திருக்கே. நல்லாப் பாரு என் முகத்தை. கண்ணு மூடியிருந்தா என்ன, மூக்கைப் பாரு, நெத்தியைப் பாரு. மரகதம் வீட்டு ஹால்ல, மாடிப்படிக்குப் பக்கத்துல ஒரு போட்டோ மாட்டியிருக்குமே, பச்சைப் பட்டுப் புடவையில. அது யாரு? ஆங்! விசாலாட்சி. பெரிய மருமக. பஸ்ஸோட ஆத்துல விழுந்து போனவ. நான்தாம்மா அது. எதுக்கு எழுந்து நிக்கறே, உக்காரு. செத்தவகூட உக்காந்து பேசினேன்னு செய்யாத்துல போய்ச் சொல்லு.

பேரா? பேர் தெரியாதா உனக்கு? டைட்டில்ல அஞ்சு மாசம் வந்துச்சே. தெரியலைன்னா விடு. தெரியாதவங்களுக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது.

மரகதமா வர்றவ பேர் மட்டும் தெரியுமா? தெரியுமே! அமலோற்பவம். பச்சைக்குழந்தைக்கும் தெரியும். அந்தப் பேரை மாத்துடின்னு முதல்ல சொன்னதே நான்தான். 'ஸ்கிரீன்ல போட்டா ஒரு முழு லைன் வருது, சர்ச்ல ஞானஸ்நானம் குடுக்கற மாதிரி இருக்கு. அபூர்வான்னு வெச்சுக்கோ, அஸ்வினின்னு வெச்சுக்கோ'ன்னேன். கேக்கலையே. 'எங்கப்பா வெச்ச பேருக்கா, இருந்துட்டுப் போகட்டும்'னா. இப்ப ஊரெல்லாம் அந்தப் பேரைச் சொல்லுது. ஜனங்களுக்கு ரசனை கெட்டுப் போச்சு, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

அவளை உருவாக்கினவ நானு. ஆமா. சிரிக்காமக் கேளு.

தொண்ணூத்தேழுல 'சிரிப்புக் கடை'ன்னு ஒரு நிகழ்ச்சி, ஞாயித்துக்கிழமை காலையில. நீ அப்ப அரை டிக்கெட்டா இருந்திருப்பே. சின்னச் சின்ன நாடகம், ஒண்ணு நாலு நிமிஷம் வரும். வடபழனியில ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து, ஒரே நாள்ல ஆறு நாடகம் எடுத்துடுவோம். எசமானி வேஷம்னா நான்தான். பட்டுப்புடவை, நகை, எடுப்பா நடை. வேலைக்காரி வேஷத்துக்கு வந்துட்டிருந்த பொண்ணுக்குக் கல்யாணம் ஆகிப் போச்சு. அந்த இடத்துக்கு வந்தவதான் இவ. திண்டுக்கல்லுல நர்ஸ் படிப்பு, பாதியில விட்டுட்டு வந்துட்டா. கருவாடு மாதிரி உடம்பு, தகர டப்பாக் குரல். முதல் நாள் பாத்ததுமே டைரக்டர்கிட்டச் சொன்னேன், 'இவ வேண்டாங்க, என் பக்கத்துல நின்னா எடுபடமாட்டா'ன்னு.

அவரு அந்தக் குரலைக் கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. மனுஷனுக்கு ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு.

எங்க தொழில்ல 'லீட்'னு ஒண்ணு உண்டு. ஒருத்தர் கேள்வி கேக்கணும், இன்னொருத்தர் பதில் சொல்லணும். அந்தக் கேள்விக்குப் பேரு லீட். பதிலுக்கு ஜனங்க சிரிப்பாங்க. ஆனா கேள்வி இல்லாம பதில் ஏது? சொல்லேன். நான் கேப்பேன், 'ஏண்டி, பாத்திரத்துல ஏன் இவ்வளவு பிசுக்கு?'ன்னு. அவ சொல்லுவா, 'அது பிசுக்கு இல்லம்மா, நீங்க வெச்ச குழம்பு. அதுக்குப் போகவே மனசில்ல'ன்னு. பாத்தியா, நீயும் சிரிக்கறே. இப்ப யார் கேள்வியில சிரிச்சே? என் கேள்வியில. அந்தப் பதிலைத் தெருவுல போற எவ வேணா சொல்லலாம்.

எழுதிக் குடுத்ததைச் சொல்ற பழக்கமே அவளுக்குக் கிடையாது. ஒத்திகையில ஒண்ணு சொல்லுவா, டேக்ல வேற ஒண்ணு சொல்லுவா. கேமராக்காரன் தோளு குலுங்கி ஷாட் ஆடிடும். லைட் பாய் மேலேருந்து சிரிப்பான். என்னைத் தவிர அந்த பங்களாவுல சிரிக்காத ஆளே கிடையாது. நான் சிரிக்க மாட்டேன். ஒரு தடவைகூடச் சிரிச்சதில்ல. அவ என் முகத்துக்கு நேரா வந்து என்ன கோணங்கி பண்ணினாலும் நான் பாட்டுக்கு நிப்பேன். 'அக்கா, நீங்க அப்படி நிக்கறதாலதான் எனக்கு வருது'ம்பா. ஐஸ் வெக்கறாளாம்.

வாரா வாரம் ஜனங்க கார்டு எழுதிப் போடுவாங்க, மூட்டையா வரும். எல்லாம் நிகழ்ச்சிக்கு வந்ததுதான், மேல மட்டும் அமலோற்பவம்னு எழுதியிருக்கும். பேரு நீளமா இருந்துச்சில்ல, எழுதறதுக்கு ஒரு ஆசை. எனக்குன்னு ஒரே ஒரு கார்டு வந்துச்சு, அருப்புக்கோட்டையிலேருந்து. 'அந்த எசமானியம்மா பாவம், அவங்களையும் ஒரு நாள் ஜெயிக்க விடுங்க'ன்னு. எவளோ ஒரு அறிவுகெட்டவ எழுதியிருக்கா. நான் எசமானி! நான் எதுக்குப் பாவம்?

சரி, அதெல்லாம்கூடப் போகட்டும். மலேசியாவுல பண்ணினா பாரு ஒரு துரோகம். அதை மட்டும் நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்.

ரெண்டாயிரத்து ஒண்ணு. கோலாலம்பூர்ல மேடை நிகழ்ச்சி. டிவி வேற, மேடை வேற. நாலாயிரம் பேரு. திரை தூக்கினதும் அந்த இருட்டுல அத்தனை தலை. வேலைக்காரியை வேலைக்கு எடுக்கற நாடகம். நான் சோபாவுல உக்காந்து, 'உனக்கு என்னென்ன வேலைடி தெரியும்?'னு கேக்கணும். அவ்வளவுதான் முதல் வரி. வாயைத் திறந்தேன். வரல. இப்படி ஒரு நிமிஷம் நிறுத்தி ஜனங்களை ஏங்க வெச்சுக் கேக்கலாம்னு ஒரு யோசனை. அதுக்குள்ள, அதுக்குள்ளங்கறேன், மூணு விநாடி ஆகல, இவ ஆரம்பிச்சுட்டா. கையில இருந்த துடைப்பத்தைக் கீழ வெச்சுட்டு ஜனங்களைப் பாத்து, 'அம்மா கேக்க மாட்டாங்க. பெரிய எடம். பெரிய எடத்துல வாயைத் திறந்து எதையும் கேக்க மாட்டாங்க, நாமளாப் புரிஞ்சுக்கணும். என்னம்மா பாக்கறீங்க, என்னென்ன வேலை தெரியும்னுதானே?'ன்னா!

என் கேள்வி. என் வாய்ல இருந்த கேள்வியைப் பிடுங்கி அவளே கேட்டுக்கிட்டா. கேட்டதோட விட்டாளா? அவளே கேக்கறா, அவளே பதில் சொல்றா. 'சம்பளம் எவ்வளவுன்னா பாக்கறீங்க? அந்தப் பார்வை வேண்டாம்மா, கட்டுப்படியாகாது.' நான் என்ன பண்ணினாலும் அதுக்கு ஒரு வசனம். தும்மினேன், அதுக்கு ஒண்ணு. எழுந்து போயிடலாமான்னு பாத்தேன், 'பாருங்க, எனக்குக் காப்பி போடப் போறாங்க'ன்னுட்டா. அத்தனை பேரும் நாற்காலியைத் தட்டிக்கிட்டுச் சிரிக்கறான். பதினோரு நிமிஷம். ஒரு வார்த்தை பேச விடல என்னை.

முடிஞ்சு உள்ள வந்ததும், 'அக்கா, தண்ணி குடிங்க'ன்னு பாட்டிலை நீட்டறா. எங்களைக் கூட்டிட்டு வந்தவங்க வந்து, 'என்ன இது, எழுதிக் குடுத்தது இது இல்லையே'ன்னு கேட்டதுக்கு, 'நானும் அக்காவும் நேத்தே பேசி வெச்சுக்கிட்டோம் சார்'ங்கறா. திருடினதை எப்படி மூடி மறைக்கறா பாரு! மறுநாள் அங்கத்துப் பேப்பர்ல, 'எசமானியம்மா வாயே திறக்காமல் அசத்தினார்'னு ஒரு வரி. அதை எழுதினவனுக்கு மட்டும் கொஞ்சம் ரசனை இருந்திருக்கு.

அன்னிக்கோட அவகிட்டப் பேச்சை விட்டேன். ஊருக்கு வந்ததும் 'சிரிப்புக் கடை'யையும் விட்டேன். நான் இல்லாம நடத்திப் பாருங்கடான்னு விட்டேன். நடத்திட்டாங்க, நாலு வருஷம். அதை விடு.

அப்புறம் அவளுக்கு ஏறுமுகம். தனியா ஒரு நிகழ்ச்சி குடுத்தாங்க, அதுல பத்து வேஷம் போட்டா. டீச்சர், போலீஸ்காரி, பல்லு போன கிழவி. பத்துமே திண்டுக்கல்லுதான், புடவைதான் வேற. சினிமாவுல நாலு படம், ஹீரோயினுக்குத் தோழி. அப்புறம் சீரியல். சிரிக்க வைக்கறவளை அழ வைக்கறவளா மாத்தினான் பாரு ஒருத்தன், அவனைச் சொல்லணும். அழறதுக்கு ஒரு முகவெட்டு வேண்டாமா? ஆனா எடுபட்டுப் போச்சு. வீட்டுக்கு வீடு மரகதம் மரகதம்னு உருகறாங்க. ஆனைக்கு ஒரு காலம்னா பூனைக்கு ஒரு காலம்.

நானா? நான் என்ன பண்ணினேன்? வீட்டுக்காரரைப் பாத்துக்கிட்டேன், அவரு போய்ச் சேந்தாரு. பையன் ஓசூர்ல இருக்கான். நடுவுல ஒரு ஊறுகாய் விளம்பரம், பின்னாடி நிக்கற அத்தை. கண்ணு மங்க ஆரம்பிச்சுது.

மூணரை வருஷம் முன்னாடி 'மங்கல வாசல்' கம்பெனிக்காரங்க வந்து, 'மேடம், விசாலாட்சி வேஷத்துக்கு உங்களை விட்டா ஆளே இல்ல'ன்னு காலைப் பிடிக்காத குறையாக் கேட்டாங்க. அமலோற்பவம்தான் சொல்லி அனுப்பினான்னு மேக்கப்மேன் ஒருத்தன் உளறினான். அவ எதுக்குச் சொல்றா? அவளுக்கு லீட் குடுக்க ஆள் சிக்கியிருக்காது. அவ மரகதம், சின்ன மருமக. நான் பெரிய மருமக. ஓரகத்திங்க. நல்லாத்தான் போச்சு. சும்மா சொல்லக்கூடாது, லைட் முகத்துல விழுந்தப்ப எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு. இத்தனை வருஷம் கழிச்சு.

ஆனா டைட்டில்ல பாரு, அவ பேரு முதல்ல, என் பேரு ரெண்டாவது. யாருக்கு யாரு சீனியர்? அஞ்சு மாசம் பொறுத்தேன். ஒரு நாள் மேக்கப் போட்டு, அந்தப் பச்சைப் பட்டைக் கட்டிக்கிட்டு ரூம்ல உக்காந்துட்டேன். பேரை மாத்தினாத்தான் ஷாட்டுக்கு வருவேன்னுட்டேன். மத்தியானம் வரைக்கும் யூனிட்டே நின்னுச்சு. இவ வந்து கதவைத் தட்டி, 'அக்கா, நான் சேனல்ல பேசறேன், இன்னிக்கு மட்டும் வாங்க'ங்கறா. நீ யாருடி எனக்காகப் பேச? விடுவிடுன்னு வெளிய வந்து ஆட்டோ பிடிச்சேன். அந்தப் புடவையோடயே வந்துட்டேன். கம்பெனிப் புடவை, இன்னும் என் பீரோவுலதான் இருக்கு. வந்து கேக்கட்டும், குடுக்கறேன்.

ஒரு வாரத்துல என்னைக் கொன்னுட்டாங்க. சீரியல்ல அதுதானே சுலபம். கோவிச்சுக்கிட்டுப் போனா லாரி அடிக்கும், சம்பளம் அதிகம் கேட்டா மாரடைப்பு வரும். என்னை பஸ்ஸோட ஆத்துல தள்ளினாங்க. அதுலயும் ஒரு வஞ்சகம் பாரு, பொணம் கிடைக்கலையாம்! மத்தவங்க பொணமெல்லாம் கிடைக்குது, விசாலாட்சி பொணம் மட்டும் கிடைக்கல. பொணம் கிடைக்கக் கூடாதுன்னு எழுதறவர்கிட்ட ஒத்தக் கால்ல நின்னு சண்டை போட்டதே அமலோற்பவம்தானாம். எவ்வளவு கெட்ட மனசு இருக்கணும்? நல்லா ஒரு சாவு சீன் வெச்சிருந்தா நானே போய்ப் படுத்திருப்பேனே. அதுலகூட நான் பேர் வாங்கிடுவேன்னு பயம்.

அப்புறம் போட்டோ. செத்தவங்க போட்டோன்னா சந்தன மாலை போடணும், குங்குமம் வைக்கணும், சின்னதா ஒரு சிவப்பு லைட் மாட்டணும். எந்த சீரியல்ல வேணா பாரு. உயிரோட இருக்கறவங்க போட்டோவுக்கு மாலை போடறதுன்னா எங்க ஆளுங்க கொஞ்சம் யோசிப்பாங்க, பூஜை போட்டுட்டுத்தான் போடுவாங்க. ஆனா போட்டுடுவாங்க, தொழில் பாரு. எனக்கு? ஒண்ணும் கிடையாது. வெறும் போட்டோ! ஆர்ட் டிபார்ட்மென்ட்காரன் மாலையைக் கொண்டு வந்திருக்கான், இவ வாங்கித் தூக்கி எறிஞ்சுட்டாளாம். 'எங்க அக்கா வருவா, மாலை போட்டா நான் செட்டுக்கே வரமாட்டேன்'னு ஒரு ஆர்ப்பாட்டம். அதையே வசனமாவும் ஆக்கிட்டாங்க. சந்தன மாலை என்ன விலை இருக்கும்? அதைக்கூட எனக்குப் போட மனசு வரல. மூணு வருஷமா மூளியாத் தொங்கறேன் அந்தச் செவுத்துல. எங்க தெருவுல எலக்ட்ரீஷியன் ஒருத்தன் செத்தான், அவனுக்கே ஆளுயர மாலை போட்டாங்க.

அது மட்டுமில்ல. தினம் அந்தப் போட்டோ முன்னாடி நின்னு பேசறாளே, நீ பாக்கறியே, 'அக்கா, இன்னிக்கு மாமா இப்படிச் சொன்னாரு. நீ இருந்தா என்ன கேப்பே? ஏண்டி அழறேன்னு கேப்பே'ன்னு. என்ன பண்றா பாத்தியா? அங்கயும் என் கேள்வியை அவளே கேக்கறா! போன வருஷம் அந்தச் சீனுக்குத்தான் அவளுக்கு அவார்டு. பாதி யாருது? போட்டோ யாருது? மேடையில ஏறி, 'எதிர்ல இருந்தவங்களுக்கு இதைச் சமர்ப்பிக்கறேன்'னா. முன்வரிசையில மந்திரிங்க உக்காந்திருந்தாங்க, அவங்களுக்கு ஒரு கும்பிடு போட்டு வெச்சா. எனக்குத் தெரியாதா இவ காரியம்.

இரு, ஏதோ மியூசிக் கேக்குது. ஆரம்பிச்சுட்டானா? இல்லையா, சோப்பு விளம்பரமா. சரி.

இப்ப என்னாச்சுன்னா, கதை இழுத்துக்கிட்டே போகுது, விசாலாட்சியைத் திருப்பிக் கொண்டு வரணுமாம். ஆத்துல போனவ எங்கயோ கரையேறி, ஞாபகம் தப்பி, ஒரு ஆசிரமத்துல இருந்தாளாம். எல்லாம் அமலோற்பவம் யோசனை. புரொடக்‌ஷன் மேனேஜர் ஏகாம்பரம், நல்ல மனுஷன், ரெண்டு வாரம் முன்னாடி வீட்டுக்கே வந்தாரு. நான் சொல்லிட்டேன், 'அவ கூப்பிடட்டும்.' 'மேடம், அவங்க நாலு தடவை போன் பண்ணினாங்களாமே'ன்னாரு. போன்ல கூப்பிடறது ஒரு கூப்பிடறதா? நான் எடுக்கல. 'நேர்லயும் வந்தாங்களாமே'ன்னாரு. வந்தா. காரைப் போட்டுக்கிட்டு வந்தா. நான் குளிக்கறேன்னு எதிர்வீட்டம்மாவை விட்டுச் சொல்லச் சொன்னேன். ஒரு மணி நேரம் வாசல்ல நின்னா. என்ன குளியல்னுகூட அவளுக்குத் தோணல, அவ்வளவுதான் மூளை. சிறுமலை வாழைப்பழம் ஒரு தார் வெச்சுட்டுப் போனா. பழம் என்ன பாவம் பண்ணிச்சு, தின்னேன்.

ஏகாம்பரத்துக்கிட்ட தீர்மானமாச் சொன்னேன். 'ரகசியமா வீட்டுக்கு வந்து கூப்பிட்டா எனக்கு என்ன மரியாதை? நாலு பேர் காதுல விழணும். என் பேரைச் சொல்லி, நீ வந்தாத்தான் ஆகும்னு சொல்லணும். அப்படிக் கூப்பிட்டா யோசிக்கறேன்'னு. அதுக்கப்புறம் சனிக்கிழமை போன் பண்றாரு, 'மேடம், திங்கக்கிழமையிலேருந்து எபிசோடை மட்டும் கொஞ்சம் பாருங்க. வேற எதுவும் நான் சொல்லக்கூடாதுன்னு அவங்க உத்தரவு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இல்லேன்னா சேனல் வேற ஆளை முடிவு பண்ணிடும், என் கையில இல்ல'ன்னு. எபிசோடைப் பாக்கணுமாம்! அவ எப்படிப் பிரமாதமா நடிக்கறான்னு பாத்து நான் உருகி ஓடி வரணுமாம். வந்துச்சே கோபம், அப்பப் பிடுங்கினதுதான் அந்தப் பிளக்கு.

இன்னிக்கு வெள்ளி. ஆமா, இன்னிக்குத்தான். அஞ்சு மணி வரைக்கும் போனைப் பாத்துக்கிட்டு வீட்டுல உக்காந்திருக்க முடியாதுன்னுதான் இங்க வந்தேன். கண்ணை இன்னிக்கே காட்டணும்னு ஒண்ணும் இல்ல.

உன்கிட்டச் சொல்றதுக்கென்ன, நாளைக்கு நீ யாரோ நான் யாரோ. எனக்கு நடிக்கணும்தான். இல்லேன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போகும். மூணு வருஷமா ஒருத்தர் என்னைப் பாத்து 'டேக்'னு சொல்லல. வேற எவளோ என் புடவைக் கலர்ல ஒரு புடவையைக் கட்டிக்கிட்டு, 'இவருக்குப் பதில் இவர்'னு கீழ எழுத்துப் போட்டு வந்து நின்னா, அதை எப்படிப் பாக்கறதுன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. இருந்தாலும் மானம்னு ஒண்ணு இருக்கில்ல? அவ ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தா. முறையா, நாலு பேர் கேக்க. ஒரு தடவை. அதுக்குக்கூட நான் தகுதியில்லையா?

ஆங், இது 'மங்கல வாசல்' மியூசிக். குறைக்கச் சொன்னேனே. ரிமோட்டு யார்கிட்ட இருக்கு? சரி விடு, விடு. வரட்டும். இந்தக் கொலுசுச் சத்தம் அவதான், ஹாலுக்கு வர்றா. போட்டோ முன்னாடி நிக்கறாளா? விளக்கேத்தறா. ம். இப்ப ஆரம்பிப்பா பாரு, தகர டப்பா.

என்னது?

என்ன சொன்னா இப்ப? 'பிரபாக்கா'ன்னா சொன்னா?

பாத்தியா! பாத்தியா இவ லட்சணத்தை! விசாலாக்கான்னு சொல்லணும். கேரக்டர் பேரு விசாலாட்சி, பிரபாவதிங்கறது என் பேரு. சொந்தப் பேரு. சொந்தப் பேரையும் கதைப் பேரையும் போட்டுக் குழப்பிக்கறா, இதை ஒரு டைரக்டர் ஓகே பண்ணியிருக்கான், ஒரு எடிட்டர் ஒட்டியிருக்கான். இருபத்தஞ்சு வருஷமா வசனத்தை ஒழுங்காச் சொல்ல வரல இவளுக்கு. நாடு பூரா பாக்கற நிகழ்ச்சியில என் பேரைப் போய்...

என்னம்மா சொல்றே? திங்கக்கிழமையிலேருந்தா?

தினமுமா? தினமும் அப்படித்தான் சொல்றாளா? நீங்க என்ன நினைச்சீங்க? செல்லப் பேருன்னு நினைச்சீங்களா?

இரு. அவசரப்படாதே, ஒண்ணொண்ணாச் சொல்லு. திங்கக்கிழமை என்ன சொன்னா? 'பிரபாக்கா, நீ எங்க இருந்தாலும் சரி'யா? அப்புறம்? 'நீ வந்தாத்தான் இந்த வீடு வீடா இருக்கும்.' அந்த வார்த்தைதானா? சரியா ஞாபகம் இருக்கா உனக்கு? ம். செவ்வாய்க்கிழமை? அன்னிக்கும் அதேவா. புதன்கிழமை அழுதாளா. நிஜமா அழுதாளா, கிளிசரினா? உனக்கு எங்க தெரியப்போகுது, எனக்குத்தான் தெரியும். கிளிசரின்னா அவளுக்கு இடது கண்ணு முதல்ல சிவக்கும். ரெண்டும் சிவக்கலையா? ரெண்டு கண்ணுலயும் சேர்ந்தா வழிஞ்சுது? நல்லாப் பாத்தியா?

கூப்பிட்டுட்டு அப்புறம் என்ன பண்ணினா? பேசாம நின்னாளா? எவ்வளவு நேரம்? அவளாப் பதில் சொல்லிக்கலையா? 'ஏண்டி கூப்பிடறே'ன்னு நான் கேக்கற மாதிரி அவளே கேட்டுக்கலையா? சும்மா போட்டோவையே பாத்துக்கிட்டு நின்னாளா? அஞ்சு நாளுமா?

இப்பவும் நிக்கறாளா? சத்தமே இல்லையே. இன்னுமா நிக்கறா?

அடிப் பாவி. அங்க யாராவது ஒருத்தர் பேச வேண்டாமா? அது என் இடம். அந்த இடத்துல நான் கேக்கணும், அப்பத்தான் அவ சொல்லுவா. இது தெரியாம எவன் எழுதினான் இந்தச் சீனை?

மணி என்ன? ஒண்ணு அம்பதா. என் பையில போன் இருக்கும், எடும்மா. ஏகாம்பரம்னு போட்டிருக்கும். இல்ல, வேண்டாம், போன்ல எதுக்குச் சொல்லணும், செட்டு இருக்கற சாலிகிராமம் இங்கேருந்து எவ்வளவு தூரம்? நீ என் கையைப் பிடிச்சு வாசல் வரைக்கும் கொண்டு விட்டுடு, ஒரு ஆட்டோவைக் கூப்பிடு. உங்க மாமியார் வெளிய வர இன்னும் அரைமணி ஆகும். டாக்டரை அப்புறம் பாத்துக்கலாம், கண்ணு எங்கயும் ஓடிப் போகாது. எல்லாம் வெள்ளையாத் தெரியுது, பரவாயில்ல, படி எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு.

நர்ஸ் கேட்டா, பிரபாவதியம்மா ஷூட்டிங் போயிட்டாங்கன்னு சொல்லு. அஞ்சு நாளா ஒத்தையா நின்னு சொதப்பியிருக்கா, மூதேவி.